பின்னத்துக்கு எண் கோட்டில் ஓர் இடம்

உங்கள் கேள்வியில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன. ஏழாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள், ஒரு வட்டத்தை நான்காகப் பிரித்து மூன்று பங்குகளுக்கு நிழலிடச் சொன்னால் பிழையின்றிச் செய்கிறாள். ஆனால் 0 முதல் 3 வரை வரைந்த எண் கோட்டில் 3/4 எங்கே இருக்கிறது என்று கேட்டால் 2-ஐத் தாண்டிப் புள்ளி வைக்கிறாள். −1¾ என்ற எண்ணை −1-க்கும் 0-க்கும் இடையில் குறிக்கிறாள். 2/5-க்கும் 3/5-க்கும் நடுவில் எண் எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறாள். இவற்றை அவளுக்கு எப்படி விளக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல ஆண்டுகளாகக் கணக்கு கற்பித்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இம்மூன்றும் மிகப் பரவலான பிழைகள், மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். பின்னம் என்றால் ஏதோ ஒரு பொருளின் பங்கு என்று அவள் மனத்தில் பதிந்திருக்கிறது. பின்னம் ஓர் எண், 2, 5, 17 ஆகியவற்றைப் போலவே அதற்கும் எண் கோட்டில் ஒரே ஓர் இடம் உண்டு என்பது இன்னும் பதியவில்லை.

முதல் பிழையையே எடுத்துக்கொள்வோம். வட்டத்தில் நிழலிடும்போது 'முழுமை' எது என்ற கேள்வியே எழுவதில்லை, ஏனென்றால் வரையப்பட்டிருக்கும் வட்டம்தான் முழுமை. அதே பழக்கத்தோடு எண் கோட்டைப் பார்க்கும் குழந்தை, தாளில் தெரியும் கோடு முழுவதையும் ஒரு முழுமையாக எடுத்துக்கொள்கிறது. 0 முதல் 3 வரையுள்ள நீளத்தில் முக்கால் பங்கு என்பது 2¼. உங்கள் மகள் புள்ளி வைத்த இடம் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். அப்படியானால் அவள் கணக்கைத் தவறாகச் செய்யவில்லை. '3-இல் முக்கால் பங்கு எவ்வளவு' என்ற வேறொரு கேள்விக்குச் சரியான விடையைத் தந்திருக்கிறாள். இதை அவளிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அவளது சிந்தனையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மாற்ற வேண்டியது முழுமை எது என்பதை மட்டுமே.

எண் கோட்டில் நாம் விருப்பம்போல் தீர்மானிக்கக்கூடியவை இரண்டே: 0 எங்கே, 1 எங்கே. அவ்விரண்டையும் குறித்த கணமே மற்ற எல்லா எண்களின் இடங்களும் முடிவாகிவிடுகின்றன. கோடு எவ்வளவு நீளமாக வரையப்பட்டிருந்தாலும், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட தூரம் ஒன்றே ஓர் அலகு. 3/4 என்று எழுதும்போது கீழே உள்ள 4, அதாவது பகுதி, அந்த ஓர் அலகை நான்கு சம துண்டுகளாக்கி ஓர் அடியின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. மேலே உள்ள 3, அதாவது தொகுதி, 0-இலிருந்து அத்தகைய அடிகள் எத்தனை வைக்க வேண்டும் என்று சொல்கிறது. பகுதி அடியின் நீளத்தையும் தொகுதி அடிகளின் எண்ணிக்கையையும் குறிக்கின்றன என்ற இந்த ஒரு வாக்கியத்தை அவள் தன் சொற்களில் திரும்பச் சொல்லும் வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

இப்படிப் பார்த்தால் 5/3 போன்ற பின்னங்கள் தரும் குழப்பமும் தீர்ந்துவிடுகிறது. மூன்று பங்காக வெட்டிய ஒரு வட்டத்தில் ஐந்து பங்குக்கு நிழலிட முடியாது. ஆனால் மூன்றிலொரு அலகு நீளமுள்ள அடிகளை ஐந்து முறை வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. மூன்றாவது அடி 1-இல் விழுகிறது, ஐந்தாவது அடி 1-ஐத் தாண்டி மேலும் இரண்டு மூன்றிலொரு பங்கு தள்ளி விழுகிறது. பாடநூல்கள் இதைத் 'தகா பின்னம்' என்று அழைக்கின்றன. அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு அதில் ஏதோ குறை இருப்பதாக நினைக்கும் குழந்தைகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எண் கோட்டில் 5/3 மற்ற எண்களுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

இங்கே இன்னொரு சிறு பிழைக்கும் இடமுண்டு. 0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள தூரத்தை நான்காகப் பிரிக்கச் சொன்னால், பல குழந்தைகள் நடுவில் நான்கு குறிகளை இடுவார்கள். அப்போது கிடைப்பவை ஐந்து துண்டுகள். நான்கு துண்டுகளுக்கு இடையில் மூன்று குறிகளே வேண்டும். எண்ண வேண்டியவை குறிகள் அல்ல, இடைவெளிகள். இதைத் தவிர்க்க, 0-க்குக் கீழே 0/4 என்றும் 1-க்குக் கீழே 4/4 என்றும் முதலிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.

இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிப்பதற்குக் காகிதத்தை மடித்தாலே போதும். ஏழாகப் பிரிக்க வேண்டுமானால் என்ன செய்வது? கண்ணளவில் குறித்தால் தவறும். அளவுகோலால் 10 செ.மீ. நீளத்தை ஏழால் வகுத்தால் 1.428... என்று நீளும். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்றை விரித்து, 10 செ.மீ. நீளமுள்ள ஒரு காகிதப் பட்டையின் இடது முனையை ஏதேனும் ஒரு கோட்டின் மீது வையுங்கள். அதைச் சுழியாவது கோடு என்று கொண்டு, வலது முனை அங்கிருந்து ஏழாவது கோட்டைத் தொடும்வரை பட்டையைச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். இப்போது இடையிலுள்ள ஆறு கோடுகள் பட்டையின் விளிம்பைச் சந்திக்கும் இடங்களில் பென்சிலால் குறித்தால், பட்டை மிகச் சரியாக ஏழு சம பாகங்களாகப் பிரிந்திருக்கும். சம இடைவெளியுள்ள இணைகோடுகள், தம்மைக் குறுக்கே வெட்டும் எந்தக் கோட்டையும் சம துண்டுகளாகவே வெட்டும் என்பதே இதன் காரணம். கி.மு. 300 அளவில் யூக்ளிட் எழுதிய நூலின் ஆறாம் பாகத்தில் ஒரு கோட்டிலிருந்து வேண்டிய பங்கை வெட்டி எடுக்கும் முறை தரப்பட்டிருக்கிறது. அதற்கு அடிப்படையும் இணைகோடுகளின் இதே பண்புதான். உங்கள் மகள் தன் கையால் பட்டையைச் சாய்த்து, 1/7 முதல் 6/7 வரை பெயரெழுதட்டும். கைகளால் ஒருமுறை செய்தபின், 3/7 என்பது அவளுக்கு வெறும் இரண்டு இலக்கங்களாகத் தெரியாது.

சமான பின்னங்களையும் இதே பட்டைகளைக் கொண்டு விளக்கிவிடலாம். நான்காக மடித்த பட்டையின் ஒவ்வொரு பாகத்தையும் மேலும் இரண்டாக மடித்தால் புதிய குறிகள் தோன்றுகின்றன. பழைய குறிகள் எதுவும் நகர்வதில்லை. 3/4 என்று எழுதியிருந்த குறிக்கு இப்போது 6/8 என்றும் பெயர் வந்துவிட்டது, அவ்வளவே. 3/4, 6/8, 75/100 எல்லாம் ஒரே புள்ளியின் பல பெயர்கள். முழு எண்களுக்கும் இப்படிப் பெயர்கள் உண்டு: 3 என்பதை 3/1 என்றும் 12/4 என்றும் எழுதலாம். ஒரு முழுவைச் சுழியல்லாத மற்றொரு முழுவால் வகுத்து எழுதத்தக்க எண்கள் எல்லாம் விகிதமுறு எண்கள் என்ற வரையறை இந்த இடத்தில் இயல்பாகவே வந்து சேர்கிறது. பகுதி ஏன் சுழியாக இருக்கக் கூடாது என்பதும் விளங்கும்: ஓர் அலகைச் சுழி துண்டுகளாக்கு என்றால் அடியின் நீளம் என்னவென்றே சொல்ல முடியாது, அடி இல்லாதபோது எங்கும் போய்ச் சேரவும் முடியாது.

இனி இரண்டாவது பிழை. 0-க்கு இடப்புறம் இருக்கும் எண்கள், வலப்புற எண்களின் கண்ணாடிப் பிம்பங்கள். குறை எண்களுக்கான கணக்கு விதிகளைப் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே கடன், உடைமை என்ற சொற்களால் எழுதிவைத்தார். அவற்றை ஒரு கோட்டின் மீது நடப்பதாகக் காட்டியவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ். 1685-இல் வெளிவந்த தம் இயற்கணித நூலில், ஒருவர் 5 கஜம் முன்னோக்கிச் சென்றுவிட்டு 8 கஜம் பின்னோக்கி வந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து −3 கஜத்தில் நிற்பார் என்று விளக்கினார். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கடந்திருக்கின்றன என்பதை நினைத்தால், ஒரு குழந்தைக்கு இது உடனே பிடிபடாததில் வியப்பில்லை.

உங்கள் மகள் −1¾ என்பதைக் காணும்போது முதலில் −1-க்குப் போகிறாள், பிறகு பழக்கப்படி வலப்புறம் முக்கால் நகர்ந்து −1/4-இல் நிற்கிறாள். வலப்புற எண்களில் 1¾-ஐக் குறிக்க 1-க்குப் போய் வலப்புறம் முக்கால் நகர்ந்தது சரியாக வந்ததால், அதே திசையை இங்கும் கைக்கொள்கிறாள். உண்மையில் அங்கே நடந்தது 'வலப்புறம் நகர்தல்' அல்ல, '0-இலிருந்து விலகிச் செல்லுதல்'. −1¾-இல் உள்ள குறைக் குறி 1-க்கு மட்டும் உரியதன்று, ஒன்றேமுக்கால் முழுவதற்கும் உரியது. அது −(1 + ¾), −1 + ¾ அன்று. குழப்பம் தீரும் வரை கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக மாற்றி எழுதச் சொல்லுங்கள்: −7/4. இப்போது விதி ஒன்றே. அடியின் நீளம் நான்கிலொரு அலகு, அடிகள் ஏழு, திசை இடப்புறம். நான்காவது அடி −1-இல் விழும், ஏழாவது அடி −2-க்கு ஓர் அடி முன்பாக விழும். அவள் பென்சிலால் ஒவ்வோர் அடியாக வைத்து எண்ணட்டும். நீங்கள் விடையைச் சொல்லிவிட வேண்டாம்.

எண்களை ஒப்பிடுவதற்கும் இந்த இடங்களே போதுமானவை, ஏனென்றால் வலப்புறம் இருப்பது பெரியது என்ற ஒரே விதி 0-இன் இருபுறமும் செல்லும். 2/3 = 8/12, 3/4 = 9/12 ஆகையால் 3/4 பெரியது; பிம்பத்தில் வரிசை திரும்பிவிடுவதால் −3/4 சிறியது. எல்லா ஒப்பீட்டுக்கும் குறுக்குப் பெருக்கலைப் பயன்படுத்தும் பழக்கத்தை நான் ஊக்குவிப்பதில்லை. 6/7, 7/8 ஆகியவற்றில் எது பெரியது என்று கேட்டால், முன்னது 1-ஐ அடைய 1/7 குறைகிறது, பின்னது 1/8 மட்டுமே குறைகிறது, ஆகவே பின்னதே 1-க்கு அருகில் இருக்கிறது என்று சொல்லும் குழந்தை கோட்டைக் கண்முன் பார்க்கிறது. 5/11, 7/13 என்றால் முன்னது அரைக்குச் சற்றுக் கீழே, பின்னது அரைக்குச் சற்று மேலே, பெருக்கவே தேவையில்லை.

மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2-க்கும் 3-க்கும் நடுவில் முழு எண் இல்லை, ஆகவே 2/5-க்கும் 3/5-க்கும் நடுவிலும் எதுவும் இல்லை என்று உங்கள் மகள் நினைக்கிறாள். ஐந்திலொரு அலகு நீளமுள்ள அடிகளை வைத்துக்கொண்டு மட்டும் பார்த்தால் அவள் சொல்வது சரி. அடியைச் சிறிதாக்கட்டும்: 2/5 = 4/10, 3/5 = 6/10, நடுவில் 5/10 வந்துவிட்டது. இன்னும் சிறிதாக்கினால் 20/50-க்கும் 30/50-க்கும் நடுவே ஒன்பது எண்கள். எந்த இரண்டு விகிதமுறு எண்களை எடுத்தாலும் அவற்றின் சராசரி நடுவில் நிற்கிறது, அதுவும் ஒரு விகிதமுறு எண்; அதற்கும் பழைய எண்ணுக்கும் நடுவில் மற்றொன்று. இதற்கு அடர்த்திப் பண்பு என்று பெயர். இதன் விளைவு சற்றே திகைப்பூட்டுவது: 2/5-க்கு 'அடுத்த எண்' என்று ஒன்று கிடையாது. முழு எண்களோடு வளர்ந்த மனத்துக்கு இது பெரிய மாற்றம், ஆகவே அவசரப்படுத்தாதீர்கள்.

இதே இடத்தில் ஒரு பழைய தவறைப் பயனுள்ளதாக மாற்றலாம். 1/3-உடன் 1/2-ஐக் கூட்டச் சொன்னால், மேலே உள்ளவற்றைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி 2/5 என்று எழுதும் குழந்தைகள் எங்கும் உண்டு. அந்த விடையை அழிக்கச் சொல்வதற்கு முன், எண் கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். 2/5 என்பது 1/2-க்கு இடப்புறம் விழுகிறது. அரை அலகு நீளத்தோடு மேலும் ஒரு நீளத்தைச் சேர்த்தபின் அரைக்கும் குறைவான இடத்தில் எப்படி நிற்க முடியும்? கூட்டல் தவறு என்பதை அவளே கண்டுகொள்வாள். சரியான விடையான 5/6 இரண்டுக்கும் வலப்புறம் இருப்பதையும் பார்ப்பாள். ஆனால் 2/5-ஐத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அது 1/3-க்கும் 1/2-க்கும் இடையில் நிற்கிறது. தொகுதிகளையும் பகுதிகளையும் தனித்தனியே கூட்டினால், பகுதிகள் மிகையெண்களாக இருக்கும்வரை, கிடைக்கும் பின்னம் எப்போதும் இரண்டுக்கும் நடுவில்தான் விழும். கூட்டலுக்கு உதவாத அந்த வழி, இடையிலுள்ள ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க மிகச் சுருக்கமான வழியாகிறது.

தசம எண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், எண் கோட்டின் உண்மையான அழகு அங்கேதான் எனக்குத் தெரிந்தது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் உருப்பெருக்கி நம்மிடம் இருப்பதாகவும், அது ஒவ்வொரு முறையும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதாகவும் கொள்வோம். 3/7 என்ற புள்ளியைப் பார்க்கிறோம். 0 முதல் 1 வரையுள்ள தூரத்தைப் பத்தாகப் பிரித்தால் அது எந்தத் துண்டில் இருக்கிறது? 30-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 2. ஆகவே 0.4-இல் தொடங்கும் துண்டில், அந்தத் துண்டின் 2/7 தூரத்தில் இருக்கிறது. அந்தச் சிறு துண்டை உருப்பெருக்கிப் பார்க்கிறோம்: 20-ஐ 7-ஆல் வகுக்க ஈவு 2, மீதி 6, புள்ளி இப்போது துண்டின் 6/7 தூரத்தில் நிற்கிறது. அடுத்து ஈவு 8, மீதி 4. பிறகு ஈவு 5, மீதி 5. பிறகு ஈவு 7, மீதி 1. பிறகு ஈவு 1, மீதி 3.

மீதி 3 வந்துவிட்டது. ஆறு முறை பெரிதாக்கிய பிறகு, பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீளமே உள்ள அந்தத் துண்டுக்குள் புள்ளி மீண்டும் 3/7 தூரத்தில் நிற்கிறது. நாம் தொடங்கிய படமே திரும்பவும் கண்முன் இருக்கிறது. இனி 0.428571428571... என்று அதே இலக்கங்கள் முடிவின்றித் திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை. நீள்வகுத்தலை இயந்திரத்தனமாகச் செய்யும்போது மீதி என்பது தூக்கிப் போட வேண்டிய ஒன்றாகத் தோன்றும்; எண் கோட்டில் அந்த மீதிதான் ஒவ்வொரு பெரிதாக்கலிலும் புள்ளி நிற்கும் இடம். 7-ஆல் வகுக்கும்போது சுழியல்லாத மீதிகள் ஆறே இருக்க முடியும் என்பதால், ஆறு கட்டங்களுக்குள் ஏதோ ஒன்று திரும்பி வந்தே ஆக வேண்டும். 3/8-ஐ இப்படிப் பார்த்தால் 3, 7, 5 என்று மூன்றே முறையில் மீதி சுழியாகிப் புள்ளி ஒரு குறியின் மீதே உட்கார்ந்துவிடுகிறது. சுருக்கிய வடிவத்தில் பகுதியின் பகாக் காரணிகள் 2, 5 மட்டுமாக இருந்தால் இப்படி முடிவுறும். வேறு பகாக் காரணி இருந்தால் முடிவின்றிச் சுழலும். விகிதமுறு எண் எதுவானாலும் இவ்விரண்டில் ஒன்றுதான்.

எண்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று தெரிந்ததும், அப்படியானால் கோடு முழுவதும் விகிதமுறு எண்களால் நிரம்பிவிட்டதா என்று உங்கள் மகள் ஒருநாள் கேட்பாள். கேட்டால், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட தூரத்தைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரைந்து, 0-இலிருந்து எதிர் மூலை வரை மூலைவிட்டம் போடச் சொல்லுங்கள். கவராயத்தின் ஊசியை 0-இல் ஊன்றி, மூலைவிட்டத்தின் நீளத்தைக் கோட்டின் மீது இறக்கினால், 7/5-க்கும் 3/2-க்கும் நடுவில் ஒரு புள்ளி கிடைக்கும். அந்த நீளத்தைத் தன்னோடு பெருக்கினால் 2 வர வேண்டும். எந்தப் பின்னம் அது என்று தேடிப் பார்க்கலாம். 7/5-ஐ முயன்றால் 7 × 7 = 49, வேண்டியதோ 5 × 5-இன் இரு மடங்கான 50. 17/12-ஐ முயன்றால் 289, வேண்டியது 288. 41/29-ஐ முயன்றால் 1681, வேண்டியது 1682. 99/70-ஐ முயன்றால் 9801, வேண்டியது 9800. ஒவ்வொரு முறையும் ஒன்று கூடுகிறது அல்லது ஒன்று குறைகிறது. பின்னங்கள் அந்தப் புள்ளியை இருபுறமும் மாறி மாறி நெருங்குகின்றன, அதன் மீது மட்டும் விழுவதில்லை. ஒரு முழு எண்ணின் வர்க்கத்தைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் அதில் 2 என்ற காரணி இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் இருக்கும்; மற்றொரு வர்க்கத்தின் இரு மடங்கில் அது ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் இருக்கும். இரண்டும் சமமாக முடியாது என்பதால், எவ்வளவு பெரிய தொகுதியையும் பகுதியையும் எடுத்தாலும் அந்த வித்தியாசம் சுழியாவதில்லை. சதுரத்தின் மூலைவிட்டம் தொட்ட அந்த இடத்துக்கு √2 என்று பெயர் உண்டு, பின்னப் பெயர் கிடையாது.